யாரு மவன்?

லண்டனில் இருக்கும் தங்கச்சி மகள் போன மாதம் போன் பண்ணினாள். அங்கே சட்ட நிறுவனங்களுக்குப் பயிற்சி சொலிசிட்டர் வேலை கேட்டு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறாள். 11 இடத்துக்குப் போட்டாகிவிட்டதாம். ஒவ்வொன்றிலும் ‘எங்கள் நிறுவனத்தில் ஏன் சேர விரும்புகிறீர்கள்’ என்று 300 சொல்லில் எழுதச் சொல்கிறார்கள். எழுதி அலுத்துப்போய்க் கேட்டாள்: “மாமா, நீங்க உங்க சீனியர்ட்ட என்ன எழுதிக் கொடுத்துச் சேந்தீங்க?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் ஒரு வரி எழுதிக் கொடுக்கவில்லை.

1983. சென்னையில் சட்டம் படித்து, பார் கவுன்சிலில் பதிவு செய்து, கோட்டும் கவுனும் தைத்துக்கொண்டு தூத்துக்குடிக்கு ரயிலேறி வந்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா என்னை ஒரு வக்கீல் வீட்டுக்குக் கூட்டிப் போனார். கையில் ஒரு சீப்பு பழம், ஒரு பெட்டி மக்ரூன். முன்கூடத்தில் சாய்வு நாற்காலியில் பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. சித்தப்பாவிடம்தான் கேட்டார்.

“யாரு மவன்?”

“எங்க அண்ணன் மவன்தான் அண்ணாச்சி. பழைய ஹார்பர்ல டாலி கிளார்க்கா இருந்தாருல்லா…”

பெரியவர் பேப்பரை மடித்தார். “மூட்டை குறைஞ்ச கேஸ்ல சாட்சி சொன்னவரா? அரை நாள் குறுக்கு விசாரணை. எண்ணிக்கைய விட்டு ஒரு மூட்டை நகரலையே மனுசன்.” அப்புறம்தான் என்னைப் பார்த்தார். “கையெழுத்து நல்லாருக்குமா? நாளைக்கு எட்டு மணிக்கு வா.”

என் விண்ணப்பம் அவ்வளவுதான். அதை என் அப்பா பத்து வருஷத்துக்கு முன்னாலேயே சாட்சிக் கூண்டில் நின்று போட்டுவிட்டுப் போயிருக்கிறார். மார்க் ஷீட்டை யாரும் கேட்கவில்லை. சம்பளப் பேச்சு எழவில்லை, நாங்களும் எழுப்பவில்லை. அப்படிக் கேட்பது மரியாதை இல்லை என்று சித்தப்பா வழியிலேயே சொல்லி வைத்திருந்தார்.

மருமகளுக்கு இதைச் சொன்னபோது, “அப்போ ரொம்ப ஈசி” என்றாள். ஈசிதான், உள்ளே போனவனுக்கு. அதனால்தான் இந்தப் பழக்கத்தின் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் சொலிசிட்டர் என்ற சொல். தூத்துக்குடிக்கு அந்தப் பிராணி வந்ததே இல்லை. கட்சிக்காரரோடு பேசி, பத்திரம் தயார் செய்து, வழக்கைக் கட்டிக் கொடுப்பவர் ஒருவர். கோர்ட்டில் எழுந்து நின்று வாதாடுபவர் வேறொருவர். இந்த இரட்டை ஏற்பாடு சென்னை, பம்பாய், கல்கத்தா உயர் நீதிமன்றங்களின் அசல் வழக்குப் பிரிவோடு நின்றுவிட்டது. சென்னையில் அவர்களை அட்டர்னி என்றார்கள். 1908-ல் தொடங்கிய கிங் அண்ட் பார்ட்ரிட்ஜ் போன்ற நிறுவனங்கள் அந்த வழியில் வந்தவை. அட்டர்னி ஆக வேண்டுமானால் ஒரு அட்டர்னியிடம் எழுத்து ஒப்பந்தம் போட்டு வருஷக்கணக்கில் ஆர்ட்டிகிள்டு கிளார்க்காக இருக்க வேண்டும். என் மருமகள் தேடும் வேலைக்கு அதுதான் பாட்டன். 1976-ல் வந்த சட்டத் திருத்தம் அந்தப் பிரிவினையை ஒழித்தது. 1977 முதல் இந்தியாவில் எல்லோரும் அட்வகேட்தான்.

ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் அந்த ஆள் இருந்தார். எங்கள் தாத்தா கொழும்பில் கடைக் கணக்கு எழுதியவர். அவர் வாயில் ‘பிரக்கிராசி’, ‘அப்புக்காத்து’ என்று இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். பிரக்கிராசி என்றால் புரக்டர், ஏறக்குறைய சொலிசிட்டர். போர்ச்சுக்கீசியரின் ‘புரோகுரதோர்’ தேய்ந்து வந்த சொல். அப்புக்காத்து என்றால் வாதாடும் அட்வகேட். இலங்கையில் 1974-ல் இருவரையும் சேர்த்துச் சட்டத்தரணி என்று ஒரே பெயராக்கினார்கள். இதில் ஒரு வேடிக்கை. போர்ச்சுக்கீசியர் தூத்துக்குடியையும் ஆண்டார்கள். 1658-ல் டச்சுக்காரர்கள் கைப்பற்றினார்கள். 1825-ல்தான் ஊர் நிரந்தரமாக இங்கிலீஷ்காரன் கைக்குப் போனது. இருந்தும் பிரக்கிராசி இங்கே வேர் பிடிக்கவில்லை. நமக்கு நிலைத்தது அரபியிலிருந்து பாரசீகம் வழியாக வந்த ‘வக்கீல்’.

ஏன்? என் கணிப்பைச் சொல்கிறேன். முத்துக்குளித்துறையில் பரதவர் வழக்குகள் ஜாதித்தலைவனிடமும் ஊர்ப் பட்டங்கட்டிகளிடமும் தீர்ந்தன. தோணிக்காரரான சம்மாட்டிக்கும் அவரிடம் முத்துக் குளித்த குளியாளுக்கும் முன்பணத் தகராறா, பங்குத் தகராறா, பேச வேண்டியவர்கள் இரண்டு தரப்பு உறவுக்காரர்கள். குளிப்பில் எடுத்த சிப்பியில் 3-ல் 1 பங்கு குளித்தவர்களுக்கு, மீதி சர்க்காருக்கு என்ற பிற்காலக் கணக்கில்கூட ஆளாளுக்குக் கிடைக்கும் பங்கைக் கரையிலேயே பேசி முடித்தார்கள். கூலிக்கு வாதாட ஒருவன் தேவைப்படவில்லை. அவன் வந்தது கிழக்கிந்தியக் கம்பெனி கோர்ட்டோடு.

அந்த கோர்ட்டும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. கம்பெனியின் பழைய விதிகளில் வக்கீல் தொழிலுக்கான அனுமதிப் பத்திரமான சன்னது இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும்தான். எந்த நாட்டவரானாலும், எந்த மதத்தவரானாலும் வக்கீலாகலாம் என்று 1846-ல்தான் சட்டம் போட்டார்கள். அதாவது 1530-களிலேயே கத்தோலிக்கரான ஒரு கடற்கரை முழுவதும், ஏறக்குறைய 300 வருஷம் கழித்துத்தான் சட்டப்படி அந்தக் கதவுக்கு முன்னால் வந்து நிற்க முடிந்தது. நிற்பது வேறு, உள்ளே போவது வேறு. அதற்கு இன்னும் ஆள் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு 1879-ன் சட்டத் தொழிலர் சட்டம் ப்ளீடர்களை நிலைவாரியாகப் பிரித்தது. பி.எல். பட்டம் இல்லாதவர்களும் பரீட்சை எழுதிக் கீழ்க்கோர்ட்டுகளில் வாதாடலாம். எங்கள் ஊரின் பெரிய பெயர் அந்த வாசல் வழியாக வந்ததுதான். ஒட்டப்பிடாரம் உலகநாத பிள்ளை வக்கீல். 1872-ல் பிறந்த அவர் மகன் சிதம்பரம், பின்னாளின் வ.உ.சி., கொஞ்ச நாள் தாலுகா ஆபீஸில் எழுத்தர் வேலை பார்த்தார். அப்பா அவரைத் திருச்சிக்குச் சட்டம் படிக்க அனுப்பினார். 1894-ல் ப்ளீடர் பரீட்சை தேறி, அடுத்த வருஷம் ஒட்டப்பிடாரத்திலேயே தொழில் தொடங்கினார். யாரு மவன் என்று வ.உ.சி.யை யாரும் கேட்டிருக்க வேண்டியதில்லை. பதில் ஊருக்கே தெரியும்.

அவர் ஏழைகளுக்குக் கட்டணம் வாங்காமல் வாதாடி, போலீஸ்காரர்களின் பொய் வழக்குகளை உடைத்துக்கொண்டிருந்தார். உள்ளூர் அதிகாரிகளின் பகை வளர்ந்தது. அதை விலக்கத்தான் அப்பா அவரை 1900-ல் தூத்துக்குடிக்கு அனுப்பினார். அப்பாவின் கணக்கு இவ்வளவு தப்பிய இன்னொரு சம்பவம் தமிழ்நாட்டில் உண்டா தெரியவில்லை. 1906 அக்டோபரில் மகன் தொடங்கிய சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. 1908 பிப்ரவரியில் கோரல் மில் வேலைநிறுத்தம். மார்ச் 12-ல் கைது. ஜூலை 7-ல் திருநெல்வேலி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனை, 40 வருஷம் என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் 6 வருஷமாகக் குறைந்தது. 1912 டிசம்பர் 24-ல் வெளியே வந்தார்.

இதெல்லாம் பள்ளிக்கூடப் பாடத்தில் இருக்கிறது. வக்கீல்கள் நினைத்துப் பார்க்க வேண்டியது அதற்கு அடுத்த அத்தியாயத்தை. தண்டனையோடு சன்னதும் போனது. 40 வயதில், வேறு தொழில் தெரியாத ஒருவர், எந்த கோர்ட்டிலும் நிற்க முடியாது. சென்னையில் சிறு வியாபாரம், பிறகு கோயம்புத்தூர் என்று வருஷங்கள் ஓடின. இழந்த சன்னதைத் திரும்பத் தரும்படி அவர் கேட்க வேண்டியிருந்தது. இந்தக் கடற்கரையில் வக்கீல் வேலை கேட்டு எழுதப்பட்ட விண்ணப்பங்களில் சரித்திரத்தில் இடம்பெற வேண்டியது அதுதான் என்பேன்: ஏற்கெனவே வக்கீலாக இருந்தவர், வக்கீலாக விடுங்கள் என்று கேட்டது. வாலஸ் என்ற ஆங்கில நீதிபதி அதற்கு உதவினார். அந்த நன்றிக்குத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. வெள்ளைக்காரன் கப்பலுக்கு எதிராகக் கப்பல் விட்டவர் வெள்ளைக்கார நீதிபதியின் பெயரைச் சிவன் பெயர்போல ஆக்கிப் பிள்ளைக்கு இட்டிருக்கிறார். கோவில்பட்டியில் மறுபடி தொழில் பார்த்து, 1932-ல் தூத்துக்குடி திரும்பி, 1936 நவம்பர் 18-ல் இங்கேயே இறந்தார்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

திங்கட்கிழமை எட்டு மணிக்குப் போனபோது சீனியர் என்னைக் குமாஸ்தா அண்ணாச்சியிடம் ஒப்படைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். முதல் ஆறு மாதம் எனக்கு வாத்தியார் அந்த அண்ணாச்சிதான். எட்டாம் வகுப்பு படித்தவர். தாளை நீளவாக்கில் மடித்து, வெளிப்பக்கம் டாக்கெட் எழுதி, துளை போட்டு, பெரிய ஊசியில் நூல் கோத்துக் கட்டு தைப்பது எப்படி என்று காட்டினார். நான் தைத்த முதல் கட்டை ஒரு ஆட்டு ஆட்டினார். தாள்கள் மேஜையில் சிதறின. “ஜட்ஜு கைல இப்படிப் பிரிஞ்சா கேஸும் பிரிஞ்சுரும்” என்றார். அதன் பிறகு நான் தைத்த எந்தக் கட்டும் பிரிந்ததில்லை. வாய்தா டைரி எழுதுவது, நகல் மனு போடுவது, ஸ்டாம்பு ஒட்டும் இடம், எந்த செக்ஷன் கிளார்க்கிடம் சாப்பாட்டுக்கு முன்னால் பேசக் கூடாது என்பது வரைக்கும் அவர் பாடம்தான். சட்டக் கல்லூரியில் இதில் ஒன்றும் கிடையாது.

ஒரு உப்பள வழக்கில் பிராது எழுதச் சொன்னார் சீனியர். சொத்து விவரத்தில் செக்குபந்தி எழுத வேண்டும். வடக்கே இன்னாரது பாத்தி, தெற்கே வாய்க்கால், மேற்கே பாதை. கிழக்கே? தைரியமாக ‘கடல்’ என்று எழுதினேன். பேப்பர் ரிட்டர்ன் ஆகவில்லை. அதற்கு முன்னாலேயே சீனியரிடம் மாட்டிக்கொண்டது.

“கடலுக்கு என்ன சர்வே நம்பர் தம்பி?”

நான் முழித்தேன். உப்பளத்துக்கும் அலைக்கும் நடுவே புறம்போக்கு இருக்கிறது, அது யாருடையது என்பதுதான் வழக்கே என்று பிற்பாடுதான் புரிந்தது. திட்டவில்லை. அலமாரியிலிருந்து தோல் பைண்டு போட்ட ஒரு தீர்ப்புத் தொகுதியை எடுத்துப் போட்டார். ஐ.எல்.ஆர். 27 மதராஸ், பக்கம் 551. “படிச்சுட்டு வா. கடல் யாருதுன்னு அதுல இருக்கு.”

அன்னக்குமாரு பிள்ளை எதிர் முத்துப்பயல். 1904 தொகுதி. பாக் விரிகுடாவில் ராமநாதபுரம் ராஜாவின் சங்குப் படுகையைக் குத்தகை எடுத்தவர்கள் ஒரு பக்கம்; அங்கே சங்கு எடுத்தவர்கள் மறுபக்கம். கடலடியில் கிடக்கும் சங்கை எடுப்பது திருட்டாகுமா? ஓடியாடும் மீனைப்போல அது யாருக்கும் சொந்தமில்லாததா, அல்லது படுகையில் கிடக்கும் சொத்தா? கரையிலிருந்து அத்தனை தூரத்தில் இந்திய தண்டனைச் சட்டம் செல்லுமா? உயர் நீதிமன்றம் திருட்டுதான் என்றது. பாக் விரிகுடா ஆட்சிப் பகுதிக்குள் அடங்கிய நீர், படுகைச் சங்கு உடைமைக்குள் அடங்கிய பொருள் என்பது தீர்ப்பின் சாரம். உலகம் முழுக்கக் கடல் எல்லைச் சட்டம் எழுதியவர்கள் இந்த ராமநாதபுரத்துத் தீர்ப்பை எடுத்துக்காட்டியிருக்கிறார்கள்.

இரண்டு ராத்திரி படித்தேன். சீனியரிடம் போய்ச் சட்டப் பாயின்டை ஒப்பித்தேன். தலையாட்டிவிட்டு, “பேரைக் கவனிச்சியா?” என்றார். ஒருத்தருக்குப் பெயருக்குப் பின்னால் பிள்ளை. இன்னொருத்தருக்குப் பயல். அச்சில் அப்படித்தான் இருக்கிறது. அந்த மனிதரின் முழுப் பெயர் அதுதானோ, கரையில் கூப்பிட்டதை அப்படியே எழுத்தர் எழுதிக்கொண்டாரோ. 120 வருஷமாக ஒவ்வொரு சட்டப் புத்தகத்திலும் அவர் முத்துப்பயல்தான். சீனியர் மேலே ஒன்றும் சொல்லவில்லை. அவர் கற்றுக்கொடுத்ததில் பெரும்பகுதி இப்படிச் சொல்லாமல் விட்டதுதான்.

இங்கே ஒரு நண்பனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். திரேஸ்புரத்துக்காரன். சங்கு குளிக்கும் குடும்பம். அவன் அப்பா 1961-ல் நடந்த கடைசி முத்துக்குளிப்பில் குளித்தவர். வீட்டில் முதல் பட்டதாரி. என்னோடு ஒரே பெஞ்சில் படித்து, என்னைவிட அதிக மார்க் வாங்கியவன். ஊருக்கு வந்து நாலு ஆபீஸ் ஏறி இறங்கினான். அவனைக் கூட்டிப் போகச் சித்தப்பா இல்லை; தனியாகப் போனான். நாலு இடத்திலும் அதே கேள்வி: யாரு மவன்? பதில் சொன்னான். நாலு இடத்திலும் காபி கொடுத்தார்கள். “பாப்போம் தம்பி, சொல்லி அனுப்புதேன்” என்றார்கள். யாரும் இல்லை என்று சொல்லவில்லை. சொல்லியும் அனுப்பவில்லை.

நான் என் சீனியரிடம் அவனுக்காகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கே அப்போது பஸ் காசு சீனியர் வீட்டிலிருந்துதான். தீபாவளிக்கு ஒரு வேட்டியும் 50 ரூபாயும். என் இடமே உறுதியில்லாதபோது இன்னொருத்தனுக்கு எப்படிக் கேட்பது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒன்றரை வருஷம் கழித்து அவன் ஒரு கப்பல் ஏஜென்சியில் வார்ஃப் கிளார்க்காகச் சேர்ந்தான். ஏன்டே விட்டுட்ட என்று கேட்டதற்கு அவன் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. “கயிறு பிடிக்க ஆளில்லாம எவம்லே கடல்ல குதிப்பான்?” முத்துக் குளிக்கிறவனுக்குக் கயிறு பிடிக்க மச்சானைத்தான் வைப்பார்கள் என்பது எங்கள் கரையில் சொல்வது. தங்கச்சி தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டான்.

எழுத்து விண்ணப்பம் இருந்திருந்தால் அவன் கையில் நாலு மறுப்புக் கடிதமாவது இருந்திருக்கும். வாய்வார்த்தையில் நடந்த தொழிலுக்கு அந்தத் தடயமும் கிடையாது. எத்தனை பேர் படியேறினார்கள், எத்தனை பேர் காபி குடித்துவிட்டு இறங்கினார்கள் என்று எந்தப் பதிவேட்டிலும் பார்க்க முடியாது.

சட்டம் இதைச் சரிசெய்யப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. 1961-ன் வழக்கறிஞர் சட்டத்தில் பயிற்சியும் அதன் பின் பரீட்சையும் கட்டாயமாக இருந்தன. பழைய வக்கீல்கள் ‘அப்ரண்டிஸ் இருந்த காலம்’ என்று பேசுவது அதையும் அதற்கு முந்தியதையும்தான். 1974 ஜனவரியோடு அந்த விதியை எடுத்துவிட்டார்கள். 1995-ல் இந்திய பார் கவுன்சில் ஒரு வருஷப் பயிற்சியைத் திரும்பக் கொண்டுவந்தது. 1999-ல் சுதீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு அதிகாரமில்லை என்று அடித்துவிட்டது. 2010-ல் அகில இந்திய பார் பரீட்சை வந்தது. 2023 பிப்ரவரியில் அரசியல் சாசன அமர்வு அது செல்லும் என்றது. பரீட்சை சன்னதுக்கு வழி காட்டும். நாற்காலிக்குக் காட்டாது.

ஊரும் மாறிவிட்டது. 1986-ல் தனி மாவட்டம். 2004-ல் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை. 2013 அக்டோபரில் ‘சீமேன் கார்டு ஓஹையோ’ கப்பலை 35 பேரோடு பிடித்துக் கொண்டுவந்தபோது, பிரிட்டன், எஸ்டோனியா, உக்ரைன் ஆட்கள் எங்கள் கோர்ட்டு வராந்தாவில் நின்றார்கள். 2016-ல் இங்கே 5 வருஷம் தண்டனை. 2017 நவம்பரில் மதுரைக் கிளையில் விடுதலை. இன்றைக்கு இளம் வக்கீல்கள் இமெயிலில் சென்னைக்கும் பெங்களூருக்கும் விண்ணப்பம் அனுப்புகிறார்கள். ஆனால் உள்ளூர் ஆபீஸ்களில் இன்னும் ஞாயிற்றுக்கிழமை, இன்னும் பழச்சீப்பு, இன்னும் அதே கேள்வி. கொஞ்சம் நாகரிகமாக “அப்பா என்ன பண்றாங்க?” என்று கேட்கிறோம்.

கேட்கிறோம் என்றுதான் எழுத வேண்டும். 20 வருஷத்தில் என்னிடம் சேர்ந்த ஜூனியர்கள் 9 பேர். மருமகள் போனை வைத்த பிறகு எண்ணிப் பார்த்தேன். 9 பேரும் யாரோ தெரிந்தவர் கூட்டி வந்தவர்கள்.

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களுக்கு உதவித்தொகை கொடுத்தாக வேண்டும் என்றது. சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 என்று தமிழ்நாடு பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. எங்கள் பார் ரூமில் அதைப் படித்துவிட்டு நிறையப் பேர் சிரித்தார்கள். நானும் அன்று கூடச் சேர்ந்து சிரித்தேன்.

என் ஆபீஸில் இப்போது ஒரு நாற்காலி காலி. பாளையங்கோட்டை ரோட்டில் கோர்ட்டுக்கு எதிரே, மாடியில். மாதம் 15,000. உப்பளம், தோணிச் சரக்கு, குடும்ப வழக்கு எல்லாம் வரும். வேண்டுபவர்கள் ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுவந்து குமாஸ்தாவிடம் கொடுங்கள். இல்லையென்றால் இல்லை என்று எழுத்திலேயே பதில் தருகிறேன். படித்த கல்லூரி, படித்த ஒரு தீர்ப்பு, அதில் உங்களுக்கு ஒப்பாத ஒரு வரி, இவ்வளவு போதும். பழம் வேண்டாம். அப்பா பெயரை எழுதாதீர்கள்.